வாய்மொழி வரலாறும் மனித உரிமைகளும்

வாய்மொழி வரலாறு என்பது ஒரு நிகழ்வில் பங்கேற்றவர், அதை நேரில் கண்டவர் அல்லது அதனால் பாதிக்கப்பட்டவர் தம் நினைவிலிருந்து கூறுவதை முறையாகப் பதிவு செய்து, எழுத்தாக்கி, பாதுகாத்து, ஆராயும் வரலாற்று முறை ஆகும். எழுத்து ஆவணங்கள் பெரும்பாலும் அரசு, நீதிமன்றம், நிலவுடைமையாளர், தொழில் நிறுவனங்கள் ஆகியோரால் உருவாக்கப்படுபவை. ஆவணங்களை உருவாக்கும் வாய்ப்பு இல்லாத மக்களின் பட்டறிவு அவற்றில் இடம்பெறாமல் போகிறது அல்லது பிறர் நோக்கில் மட்டும் இடம்பெறுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவதால் வாய்மொழி வரலாறு மனித உரிமை, நீதி சார்ந்த பணிகளில் ஒரு முக்கியக் கருவியாக விளங்குகிறது.

இக்கட்டுரை வாய்மொழி வரலாற்றுக்கும் நீதிக்கும் உள்ள தொடர்பை, தமிழ்நாட்டின் கோவில்பட்டி, புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

கேட்டறிந்து வரலாறு எழுதும் வழக்கம் பழமையானது. எனினும் ஒலிப்பதிவின் துணையுடன் கூடிய தற்கால வாய்மொழி வரலாறு, 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்சு தொடங்கிய திட்டத்துடன் நிறுவன வடிவம் பெற்றது. தொடக்கத்தில் அரசியல் தலைவர்கள் முதலான முக்கிய மனிதர்களின் நினைவுகளே பதிவு செய்யப்பட்டன. 1960களுக்குப் பின்னர் தொழிலாளர், பெண்கள், குடியேறியோர், பழங்குடிகள் ஆகியோர் பக்கம் கவனம் திரும்பியது. பிரித்தானிய வரலாற்றாளர் பால் தாம்சன் 1978 இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் 1947 ஆம் ஆண்டுப் பிரிவினை பற்றிய ஆய்வுகள் இம்முறைக்கு வலுச்சேர்த்தன. ஊர்வசி புட்டாலியா 1998 இல் வெளியிட்ட நூல், பிரிவினையின்போது கடத்தப்பட்ட பெண்கள், பிரிக்கப்பட்ட குடும்பங்கள் ஆகியோரின் சொற்களை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது.

தமிழகத்தில் நாட்டார் வழக்காற்றியலே வாய்மொழி வரலாற்றுக்கு முன்னோடியாக அமைந்தது. நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்து, அவற்றை மக்கள் வரலாற்றின் சான்றுகளாகப் பயன்படுத்தினார். அவர் வழிவந்த ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடியை மையமாகக் கொண்டு, வழக்காறுகளின் துணையுடன் அடித்தள மக்களின் வரலாற்றை எழுதினார்.

சாட்சியமும் வாய்மொழி வரலாறும்

சாட்சியம், வாய்மொழி வரலாறு ஆகிய இரண்டும் நினைவையே ஆதாரமாகக் கொண்டவை. ஆனால் நோக்கத்தில் வேறுபட்டவை.

* நீதிமன்றச் சாட்சியம் ஒரு குறிப்பிட்ட குற்றத்தை யார், எப்போது, எவ்வாறு செய்தார் என்பதை மெய்ப்பிக்க முயல்கிறது. அது குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது.
* உண்மை அறியும் குழுவின் அறிக்கை, நிகழ்வு நடந்த சில நாட்களில் அல்லது வாரங்களில் பலரிடம் வாக்குமூலம் பெற்று, அரசின் கவனத்தையும் பொதுமக்களின் கவனத்தையும் ஈர்க்கிறது.
* வாய்மொழி வரலாறு ஒருவரின் முழு வாழ்க்கையையும் கேட்கிறது. நிகழ்வுக்கு முன் வாழ்க்கை எவ்வாறு இருந்தது, பின் என்ன ஆயிற்று, அவர் அதற்கு என்ன பொருள் காண்கிறார் என்பன அதில் அடங்கும்.

நடைமுறையில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலப்பதுண்டு. வழக்கு தோற்ற பின்னரும் வாய்மொழிப் பதிவு எஞ்சி நிற்கும். வழக்கு பல பத்தாண்டுகள் நீளும்போது, நினைவு சிதையாமல் இருக்கவும் அது துணை செய்யும்.

கரிசல் வட்டாரத்தில்

கரிசல் வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம் ஆகும். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மிளகாய் முதலியன இங்கு விளைகின்றன. வற்றாத ஆறுகள் இல்லாத இப்பகுதியில் பஞ்சம், இடப்பெயர்வு, சாதி மோதல், கூலி உழைப்பு ஆகியவை பற்றிய நினைவுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே கைமாறி வந்துள்ளன.

இலக்கியப் பதிவுகள்

இடைசெவல் கிராமத்தைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் (இறப்பு: 2021) கரிசல் மக்களின் கதைகளையும் சொற்களையும் தொகுத்தார். அவர் உருவாக்கிய வட்டார வழக்குச் சொல்லகராதி இத்துறையில் ஒரு முன்முயற்சி. 1976 இல் வெளிவந்த அவரது 'கோபல்ல கிராமம்' புதினம், ஆட்சியாளரின் கொடுமைக்கு அஞ்சித் தெற்கே வந்து குடியேறிய தெலுங்கு மொழி பேசும் மக்களின் வாய்மொழி மரபை அடிப்படையாகக் கொண்டது. கோவில்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பூமணி, 1895 ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலவரம், 1899 ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் ஆகியவற்றை உள்ளடக்கி 'அஞ்ஞாடி' என்னும் புதினத்தை எழுதினார். அதற்கு 2014 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

நினைவும் சமூக மதிப்பும்

பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றிய நினைவு நெடுங்காலம் கதைப்பாடல்களிலும் கூத்துகளிலும் வாழ்ந்தது. அவர் படையில் இருந்த சுந்தரலிங்கத்தின் நினைவும் அவர் ஊரான கவர்னகிரிப் பகுதி மக்களிடையே இவ்வாறே போற்றப்பட்டு வந்தது. 1997 இல் தமிழக அரசு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்திற்குச் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது எதிர்ப்பு எழுந்து தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அதன் பின்னர் அரசு அனைத்து மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றுக்குச் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களை நீக்கியது. அப்போது சிதம்பரனார் மாவட்டம் என்று வழங்கிய மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. யாருடைய நினைவு பொதுவெளியில் ஏற்கப்படுகிறது என்பதும் சமத்துவம் சார்ந்த கேள்வியே என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தீப்பெட்டித் தொழிலும் குழந்தைகளும்

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பகுதிகளில் 1920கள் முதல் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், அடைத்தல் முதலிய வேலைகளில் பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். இவ்வட்டாரத்தில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றழைக்கப்படும் தொழிற்கூடங்களுக்குக் குழந்தைகள் விடியலுக்கு முன்பே பேருந்துகளில் அழைத்துச் செல்லப்பட்டனர். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வழங்கப்பட்டதாலும், வேலையின் ஒரு பகுதி வீடுகளில் நடைபெற்றதாலும், குழந்தைகளின் உழைப்பு பதிவேடுகளில் முழுமையாகத் தென்படவில்லை. வேலை நேரம், கூலி, முன்பணக் கடன், உடல் நலக் கேடு ஆகியவற்றை அறியக் குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் கேட்பதே முதன்மை வழியாக இருந்தது.

சலம் பென்னூர்கர் இயக்கி 1990 இல் வெளிவந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம், இக்குழந்தைகளின் வாழ்க்கையை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்தது. 1986 இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தல் சட்டம் இயற்றப்பட்டது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை அளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத் தொழில், கலைத்துறை தொடர்பான சில விலக்குகளுடன், 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. அன்று குழந்தைகளாக வேலை செய்தவர்கள் இன்று நடுவயதைக் கடந்தவர்கள். கல்வி இழப்பு வாழ்நாள் முழுவதும் எவ்வாறு தொடர்ந்தது என்பதற்கு அவர்களின் நினைவுகள் சான்றாக அமையும்.

கொடியன்குளம்

கொடியன்குளம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் நிலவிய சூழலில், 1995 ஆகஸ்ட் 31 அன்று பெரும் எண்ணிக்கையிலான காவல் துறையினர் இவ்வூருக்குள் நுழைந்தனர். வீடுகளும் பொருட்களும் சேதப்படுத்தப்பட்டன என்றும், மக்கள் தாக்கப்பட்டனர் என்றும், வெளிநாட்டு வேலைக்கான கடவுச்சீட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன என்றும் ஊர் மக்கள் கூறினர். நீதிபதி கோமதிநாயகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பன்னாட்டு மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 1999 இல் வெளியிட்ட, இந்தியத் தலித் மக்கள் மீதான வன்முறை பற்றிய அறிக்கையிலும் கொடியன்குளம் மக்களின் கூற்றுகள் இடம்பெற்றன.

இத்தகைய நிகழ்வுகளில் வீடுவீடாகச் சென்று இழப்பைப் பட்டியலிடும் பதிவுமுறை பயன்தருவதாகும். தானியம், நகை, சான்றிதழ், மின்கருவி என ஒவ்வொரு வீட்டாரும் கூறும் விவரங்கள், ஊரின் மொத்த இழப்பை மட்டுமன்றி, ஒரு தலைமுறை உழைத்துத் தேடிய முன்னேற்றம் எதில் தாக்கப்பட்டது என்பதையும் புலப்படுத்துகின்றன. சான்றிதழ் ஒன்றின் பணமதிப்பு சிறிது. அதை இழந்தவர் எந்த வேலையை இழந்தார் என்பது அவர் சொன்னால் மட்டுமே தெரியவரும்.

தமிழகத்தின் பிற எடுத்துக்காட்டுகள்

வாச்சாத்தி

தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த பழங்குடியினர் சிற்றூர் வாச்சாத்தி. சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் இவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டனர்.

அதிகாரிகள் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியினரும் மக்களிடம் கேட்டறிந்தவற்றைத் திரட்டி, நீதிமன்றத்தை நாடினர். கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் பொதுநல மனுவைத் தாக்கல் செய்தார். 1995 இல் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி சி.பி.ஐ. விசாரணை தொடங்கியது.

குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் பாலியல் வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சில் ஊருக்கு நேரில் சென்று பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டார்.

நிகழ்வுக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள் கடந்தன. அத்தனை ஆண்டுகளும் வழக்கைத் தாங்கி நின்றவற்றுள் முதன்மையானது அப்பெண்களின் நிலைமாறாத கூற்றே எனலாம்.

கீழ்வெண்மணி

1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், ஒரு குடிசையில் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அமர்வு நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பாரதி கிருஷ்ணகுமார் இயக்கி 2005 இல் வெளிவந்த 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம், உயிர் தப்பியோர் உள்ளிட்ட பலரின் நினைவுகளைத் திரட்டியது. நீதிமன்றத்தில் தண்டனை நிலைக்காதபோதும் நிகழ்வு மறக்கப்படாமல் இருக்க வாய்மொழிப் பதிவு உதவும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிற நாடுகளில்

* தென்னாப்பிரிக்கா: உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் 1996 முதல் பொது விசாரணைகளை நடத்தியது. 21,000 க்கும் மேற்பட்டோரிடம் வாக்குமூலம் பெற்றது.
* குவாத்தமாலா: கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கான வாக்குமூலங்களைத் திரட்டி உள்நாட்டுப் போர் பற்றிய அறிக்கையை 1998 ஏப்ரலில் வெளியிட்டது. அதற்குத் தலைமை தாங்கிய ஆயர் குவான் கெரார்டி, வெளியிட்ட இரண்டு நாட்களில் கொல்லப்பட்டார்.
* கனடா: கிட்சான், வெட்சுவெட்டன் மக்களின் நில உரிமை வழக்கில், வாய்மொழி வரலாற்றுக்கும் எழுத்து ஆவணத்துக்கு இணையான இடம் தர வேண்டும் என 1997 டிசம்பர் 11 அன்று கனடிய உச்ச நீதிமன்றம் கூறியது.
* இலங்கை: நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாய்வுச் செயலணி 2016 இல் நாடு முழுவதும் மக்களின் கருத்துகளைக் கேட்டு, 2017 சனவரியில் அறிக்கையை வெளியிட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கூறியவை அதில் முக்கிய இடம் பெற்றன. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையர் அலுவலகத்துக்கு வழங்கியது.

பதிவு செய்யும் முறை

ஒப்புதல்

பதிவின் நோக்கம், அதைக் காணக்கூடியவர்கள், பாதுகாக்கப்படும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். பெயரை மறைக்கவும், ஒரு பகுதியை நீக்கவும், இடையில் நிறுத்தவும் கூறுபவருக்கு உரிமை உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியச் சட்டப்படி குற்றமாகும்.

வினாக்கள்

"அடித்தார்களா?" என விடையைச் சுட்டும் வினாவைவிட, "அன்று காலை முதல் என்ன நடந்தது?" என்னும் திறந்த வினாவே ஏற்றது. ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்திருக்கையில் பெண்களும் இளையோரும் மனம் திறந்து பேசுவது அரிது. ஆகவே தனித்துப் பேசும் சூழல் தேவை. கேட்பவரின் சாதி, தொழில், ஊர் ஆகியவையும் விடைகளைப் பாதிக்கும்.

காலத்தைக் கணித்தல்

முதியோர் பலர் ஆங்கில ஆண்டுகளில் நினைவுகூர்வதில்லை. புரட்டாசி விதைப்பு, கோவில் கொடை, பஞ்சம், புயல், குழந்தை பிறப்பு ஆகியவற்றைக் கொண்டே காலத்தைக் குறிப்பர். 1876 முதல் 1878 வரை நிலவிய கடும் பஞ்சம் 'தாது வருடப் பஞ்சம்' என்றே நினைவில் நிற்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் (தாது: 1876, 1936, 1996), கூறுபவரின் வயதையும் பிற நிகழ்வுகளையும் ஒப்பிட்டே சரியான ஆண்டைக் கணிக்க வேண்டும்.

எழுத்தாக்கம்

பேச்சை எழுத்து வழக்குக்கு மாற்றாமல் உள்ளவாறே எழுதுவது நன்று. கரிசல் வட்டாரத்தில் 'சம்சாரி' என்பது உழவரைக் குறிக்கும். 'பொழி' என்பது இரு புஞ்சைகளுக்கு இடையிலான எல்லையைக் குறிக்கும். இச்சொற்களை அறியாமல் மாற்றினால், நிலத் தகராறு பற்றிய கூற்றின் பொருளே திரிந்துவிடும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இங்கு வாழ்வதால், அவரவர் விரும்பும் மொழியில் பேச விடுவது அவசியம்.

ஒப்பிட்டுச் சரிபார்த்தல்

ஒருவர் கூறுவதைப் பிறர் கூற்றுகள், மருத்துவச் சான்று, முதல் தகவல் அறிக்கை, நாளிதழ்ச் செய்தி, ஒளிப்படம் ஆகியவற்றுடன் ஒப்பிட வேண்டும். முரண்பாடு தோன்றினால் அதை மறைக்காமல் குறித்து வைக்க வேண்டும்.

சட்டத்தில் இடம்

வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருக்க வேண்டும் என்பது 1872 ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் கொள்கை. அதாவது, கண்டதாகக் கூறப்படும் செய்தியைக் கண்டவரே நீதிமன்றத்தில் கூற வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்சிய அதினியமும் இக்கொள்கையைத் தொடர்கிறது. எனவே ஒலிப்பதிவு, சாட்சி கூற்றுக்கு மாற்றாகாது. இறந்தவரின் கூற்று தொடர்பாகச் சில விலக்குகள் உண்டு. மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்க உரிய சான்றிதழ் தேவை.

ஒருவர் முன்பு கூறியதற்கும் நீதிமன்றத்தில் கூறுவதற்கும் வேறுபாடு இருந்தால், எதிர்த்தரப்பு அதைக் குறுக்கு விசாரணையில் பயன்படுத்தலாம். இதனால் வழக்கு நிலுவையில் உள்ளபோது, வழக்கறிஞரின் அறிவுரையின்றி விரிவான பதிவுகளைச் செய்வதும் வெளியிடுவதும் பாதிக்கப்பட்டவருக்கே தீங்காக முடியலாம்.

திறனாய்வுகளும் வரம்புகளும்

நினைவு பிழைபடக்கூடியது என்பதே இம்முறை மீது வைக்கப்படும் முதன்மைக் குற்றச்சாட்டு. இத்தாலிய ஆய்வாளர் அலெசாண்ட்ரோ போர்டெல்லி, தெர்னி நகரில் 1949 இல் காவல்துறையால் கொல்லப்பட்ட ஒரு தொழிலாளியின் இறப்பை, அந்நகர மக்கள் பலர் 1953 ஆம் ஆண்டு வேலை நீக்கப் போராட்டத்தின்போது நிகழ்ந்ததாக நினைவுகூர்வதைக் கண்டார். இப்பிழை, அந்த இறப்புக்கு மக்கள் அளித்த பொருளைக் காட்டுகிறது என அவர் விளக்கினார். இவ்விளக்கம் வரலாற்றாய்வுக்குப் பொருந்தும். ஆனால் நீதிமன்றத்தில் நாள் தவறுவது வழக்கையே பாதிக்கக்கூடும்.

பதிவுகளின் பாதுகாப்பு மற்றொரு சிக்கல். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் பாஸ்டன் கல்லூரி பெற்ற பதிவுகள், இறக்கும் வரை வெளியிடப்படா என்ற உறுதியுடன் பெறப்பட்டவை. 2011 இல் பிரித்தானிய அதிகாரிகளின் வேண்டுகோளின்படி அவற்றுக்கு அழைப்பாணை பிறப்பிக்கப்பட்டு, பின்னர் ஒரு பகுதி காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டம் அனுமதிக்காத உறுதிமொழியைப் பதிவாளர் அளிக்கக் கூடாது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

சிற்றூர்களில் பெயரை மறைப்பதும் போதுமானதாக இருப்பதில்லை. தெரு, தொழில், உறவுமுறை ஆகியவற்றைக் கொண்டே பேசியவர் யார் என ஊரார் அறிந்துகொள்வர். துன்பத்தை மீண்டும் மீண்டும் சொல்ல வைப்பது கூறுபவரின் மனநலத்தைப் பாதிக்கும் என்பதும், பதிவு செய்வோர் புகழடைய, கூறியவர் வாழ்வில் மாற்றம் ஏதும் நிகழ்வதில்லை என்பதும் பிற திறனாய்வுகள். இவற்றைக் கருத்தில் கொண்டு, பதிவின் படியைக் கூறியவரிடமே திரும்ப அளிப்பதும், ஊரின் நூலகம் அல்லது பள்ளியில் உரிய ஒப்புதலுடன் ஒரு படியை வைப்பதும் நல்ல நடைமுறைகளாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.